தவளைகளைக் காப்பாற்றப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குளக்கரையில் ஒரு தவளை செத்துக் கிடக்கிறது. மேலே பஞ்சு போன்ற வெள்ளைப் பூசணம் ஏதுமில்லை. "அப்படியானால் பூஞ்சை நோய் இல்லை" என்று முடிவுகட்டி நகர்ந்துவிடுவதுதான் முதல் தவறு. பஞ்சுபோல் படர்வது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்னும் நீர்ப்பூசணம். செத்த முட்டைகளிலும் காயங்களிலும் தென்படும். தவளை இனங்களை வாரிக்கொண்டு போன கைட்ரிட் பூஞ்சையோ தோலின் அணுக்களுக்குள் குடியிருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தோலைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்து, பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

தோல்நோய்தானே என்று எளிதாக எடுத்துக்கொள்வதும் கூடாது. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை; தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சில் ஒரு பங்கும் தோல் வழியேதான். தோலை உறுதியாக்கும் கெரட்டின் என்னும் புரதத்தைப் பூஞ்சை பற்றிக்கொண்டால் இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைகின்றன. கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. இரவில் நடமாட வேண்டிய தவளை பகலில் வெட்டவெளியில் அசையாமல் இருப்பது, தோல் அளவுக்கு மீறி உரிவது, மல்லாத்திப் போட்டால் புரண்டு நிமிர முடியாமல் தவிப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

"தலைப்பிரட்டைகள் நன்றாக நீந்துகின்றன, குளத்துக்கு ஒரு குறையும் இல்லை" என்பதும் நம்பத் தகுந்த சான்றன்று. அவற்றுக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே கெரட்டின் உண்டு. அங்கே பூஞ்சையைச் சுமந்துகொண்டே பிழைத்திருக்கும். தவளையாக உருமாறி உடல் முழுவதும் தோல் முற்றும்போது சாகும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, தவளைகளை இடம் மாற்றுவது. இந்த நோய் உலகெங்கும் பரவியதில் மனிதனின் கைக்குத்தான் பெரும்பங்கு. ஆப்பிரிக்க நகத் தவளையை 1930களிலிருந்து பெண்களின் கர்ப்பத்தைக் கண்டறியும் பரிசோதனைக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றுமதி செய்தார்கள். அமெரிக்கக் காளைத் தவளையை இறைச்சிக்காக வளர்த்தார்கள். இரண்டும் பூஞ்சையைச் சுமந்தாலும் பெரும்பாலும் நோயில் விழுவதில்லை. இப்படிப்பட்ட நலமான விருந்தாளிகள்தான் ஆபத்தானவர்கள். வளர்ப்புத் தவளையைப் பாவம் பார்த்து ஓடையில் விடுபவரும், வற்றும் குட்டையின் தலைப்பிரட்டைகளை வாளியில் அள்ளி அடுத்த குளத்தில் ஊற்றுபவரும் நல்ல மனம் படைத்தவர்களே. ஆனால் வாளித் தண்ணீரில் நீந்தும் பூஞ்சை வித்துகளுக்கு அந்த மனம் தெரியாது.

தவளைகளைத் தேடிப்போகும் ஆர்வலர்களின் காலணியும் வலையும்கூட வித்துகளைச் சுமக்கும். ஓடையிலேயே அலசிவிட்டு அடுத்த ஓடைக்குப் போவது தூய்மையாகாது. சேற்றைத் தேய்த்து நீக்கி, நீர்நிலையிலிருந்து தள்ளி வைத்துக் கிருமிநாசினியில் நனைத்து, முழுவதும் உலர்த்த வேண்டும். ஈரம் போனால் இந்தப் பூஞ்சை பிழைக்காது. ஒரே கையுறையோடு பல தவளைகளைத் தொடுவதும் வேண்டாம்.

மருந்து இருக்கிறதே என்று குளத்தில் கொட்டுவது விபரீதம். இட்ராகொனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தின் கரைசலில் நனைத்துக் கூண்டுத் தவளைகளைக் குணப்படுத்துகிறார்கள், அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் தலைப்பிரட்டைகளைப் பிடித்துச் சென்று மருந்து கொடுத்துத் திரும்ப விட்டபோது, மறுபடியும் தொற்று வந்தது. பிறகு பாறைக் குட்டைகளை வற்றவைத்துக் கிருமிநாசினியால் கழுவிய பின்னரே நோய் நீங்கியது. அந்த வெற்றி 2015இல் வெளியானது. ஒரே ஒரு தேரை இனம் வாழும் பாறைக் குழிகள் என்பதால் அது கைகூடியது. பல உயிர்கள் வாழும் குளத்தில் கிருமிநாசினி எல்லாவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

வெப்பம் பூஞ்சைக்கு ஆகாது, அது உண்மை. ஏறத்தாழ 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரைதான் அதற்கு வசதி. அதற்காகத் தவளையைப் பிடித்து வெயிலில் வைத்தால் காய்ந்து செத்துப்போகும். ஆஸ்திரேலியாவில் துளையுள்ள செங்கற்களைச் சிறு பசுமைக்குடிலுக்குள் அடுக்கி, தவளைகள் தாமாகவே ஏறி உட்காரும்படி விட்டார்கள். உட்கார்ந்தவை தொற்றிலிருந்து மீண்டன, ஓரளவு எதிர்ப்பாற்றலும் பெற்றன என்று 2024இல் முடிவு வந்தது.

எல்லா அழிவையும் பூஞ்சையின் தலையில் கட்டுவதும் பிழைதான். குறைந்தது 501 இனங்களின் சரிவில் அதற்குப் பங்குண்டு, அவற்றுள் 90 அழிந்துபோயிருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் வாழிட அழிப்பும் வெப்பமாகும் புவியும் கூடவே வேலை செய்கின்றன.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைகழுவுகிறவர்கள் அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஏரிகளைப் பார்க்கலாம். அங்கே அறிவியலாளர்கள் தவளைகளை இடம் மாற்றத்தான் செய்தார்கள். ஆனால் அவை பூஞ்சையோடு பல தலைமுறை வாழ்ந்து தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை. விட்ட ஏரிகளிலும் பூஞ்சை ஏற்கெனவே இருந்தது. பல ஏரிகளில் அவை இப்போது இனம் பெருக்கி வாழ்கின்றன.