கதீஃபுக்குப் படகு வேலைக்குப் போகிறீர்களா? ஊரை இப்படிப் பாருங்கள்

எங்கள் நீரோடி, பொழியூர் பக்கத்திலிருந்து சவுதியின் கிழக்குக் கரைக்குப் போய்விட்டு வந்த பையன்களிடம் கதீஃப் எப்படி இருக்கும் என்று கேட்டால், வெயில், ரூம், கடல் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஆகவில்லை. 5,000 வருடங்களுக்கு முன்பே ஆட்கள் குடியிருந்த இடம் அது. போகிறவர்கள் லீவு நாளில் கொஞ்சம் நடந்து பாருங்கள்.

முதலில் தேட வேண்டியது ஒரு பழைய ஊற்று. அரபியில் 'ஐன்' என்பார்கள், கண்ணுக்கும் அதே சொல்தான், நாம் ஊற்றுக்கண் என்று சொல்கிறோமே, அதேதான். கதீஃபை ஒட்டிய தாரூத் தீவில் உள்ள பழைய கோட்டையின் அடியிலேயே ஒன்று இருக்கிறது, இப்போது வற்றிக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்: மழையே இல்லாத மண்ணில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? பல ஆயிரம் வருடங்களுக்கு முன் உள்நாட்டு மேட்டில் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்குள் இறங்கி, கிழக்கே சரிந்து சரிந்து வந்து, கரைக்குப் பக்கத்தில் அழுத்தம் தாங்காமல் தானாகவே மேலே பீறிட்டது. நம் கரையில் கடல் இறங்கிய நேரம் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் அல்லவா, பஹ்ரைன் பக்கம் கடலுக்கு அடியிலேயே அப்படி ஊறும், முத்துக் குளிக்கிறவர்கள் மூழ்கித் தோல்பையில் பிடித்து வந்து குடித்திருக்கிறார்கள். இந்தத் தண்ணீரைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் தானாகப் புரியும்.

அப்புறம் ஒரு பேரீச்சந்தோப்புக்குள் போங்கள். கேட்டுவிட்டுப் போங்கள், பெரும்பாலும் விடுவார்கள். மேலே பேரீச்சை, அதன் நிழலில் எலுமிச்சை, அதற்கும் கீழே கீரையும் குதிரைமசாலும். நம் தென்னந்தோப்பில் வாழையும் நல்லமிளகும் வைப்பது போலத்தான். குளிர் முடிகிற சமயம் என்றால், ஆண் மரத்துப் பூவைப் பெண் மரத்தின் பாளைக்குள் கையால் செருகிக் கட்டுவதைப் பார்க்கலாம், அதைச் செய்யாவிட்டால் நல்ல காய்ப்பு இருக்காது. 'குனைஸி' என்று கேட்டு வாங்குங்கள், அது அந்த ஊர்ப் பேரீச்சை ரகம்.

மீன் சந்தைக்கு விடியுமுன் போய்விடுங்கள். ஹமூர் நம் களவா, கன்அத் நம் நெய்மீன், ஸாஃபி நம் ஓரா. பெயர் தெரிந்தாலே பாதிப் பேச்சு நடந்துவிடும். இறாலுக்கு பிப்ரவரியிலிருந்து தடை, ஆகஸ்ட் 1 முதல்தான் சீசன். தாரூத் வளைகுடாவின் கண்டல் காடும் கடற்புல்லும்தான் இறால் குஞ்சுகளுக்குத் தொட்டில். அதில் பெரும்பகுதியை மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டிவிட்டார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வரலாற்றுக்குத் தாரூத் கோட்டை மேட்டில் நின்றால் போதும். தண்ணீரும் துறைமுகமும் ஒன்றாக இருந்ததால் ஆளாளுக்கு வந்தார்கள். 899இல் கர்மத்தியர்கள் என்ற ஷியா கிளைப் பிரிவினர் பிடித்தார்கள், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும் துருக்கியரும் மோதினார்கள், 1913இல் பின்னாளில் சவுதி அரேபியாவை நிறுவிய இப்னு சவூத் கைக்கு வந்தது. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: இந்தக் கரைக்குப் பழைய பெயர் 'அல் கத்து'. இந்தியாவிலிருந்து மூங்கில் இங்கே வந்து இறங்கி ஈட்டியாகப் போனதால், பழைய அரபுக் கவிதைகளில் நல்ல ஈட்டிக்கே 'கத்தீ' என்று பெயர். நம் பக்கத்துக் கடல் வழியாகத்தான் அந்த வியாபாரம். தாரூத் தீவின் தாரீன் துறையும் இந்தியக் கஸ்தூரிக்குப் பேர்போனது.

பிழைப்பு எப்படி மாறியது என்பதைப் பெரியவர் யாராவது கிடைத்தால் கேளுங்கள். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து முத்துக்குளிப்பைப் படுக்க வைத்தது. 1938இல் பக்கத்துத் தம்மாம் எண்ணெய் வயலின் 7ஆம் கிணற்றில் எண்ணெய் பாய்ந்தது, 1945இல் கதீஃப் எண்ணெய் வயலும் கண்டுபிடிக்கப்பட்டது. தோப்புக்காரர்களின் பிள்ளைகள் எண்ணெய்க் கம்பெனிக்குப் போனார்கள். கூடவே ஆழ்துளைக் கிணறும் பம்பும் பெருகி, தானாகப் பொங்கிய ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின. இன்றைக்கு நீங்கள் ரூமில் குழாயைத் திறந்தால் பெரும்பாலும் வருவது உப்பு நீக்கிய கடல்நீர்.

முஹர்ரம் பத்து நாளும் அங்கே துக்க நாட்கள், ஊர்க்காரர்கள் பெரும்பாலும் முஸ்லிம்களில் ஷியா பிரிவினர். அந்த நாட்களில் பாட்டைச் சத்தமாக வைக்காதீர்கள். மற்ற நாளில் பெரியவர்களிடம் சலாம் சொல்லி, 'ஐன் எங்கே இருந்தது?' என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.