வலி மாத்திரை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "இன்னும் கேட்கலையே" என்று இன்னொன்றைப் பிரிப்பார்கள். பாராசிட்டமால் வேலையைத் தொடங்கவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். இன்னொரு வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் என்றால் 6 முதல் 8 மணி நேரம். பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. போட்டால் அடுத்ததற்குக் குறைந்தது 4 மணி நேரம் விடவேண்டும், 650 மி.கி. போட்டால் 6 மணி நேரம் விடுவது நல்லது.

இதைவிட ஆபத்தானது, தெரியாமலே ஒரே மருந்தை இரண்டு மூன்று பெயர்களில் விழுங்குவது. காய்ச்சலுக்கு டோலோ 650, அது 650 மி.கி. பாராசிட்டமால்தான். மூக்கடைப்புக்கு ஒரு சளி மாத்திரை. பல சளி மாத்திரைகளில் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. உடம்பு வலிக்கு காம்பிஃப்ளாம், அதில் 325. ஒரு வேளைக்கே 1,475 மி.கி. ஆகிவிட்டது. மூன்று வேளை போட்டால் 4,425. நல்ல உடல்நலம் உள்ள பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000தான். தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் நோயாளிகள், மெலிந்தவர்களுக்கு அந்த அளவே அதிகம். கடையில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் மீதி அட்டையோடு போய்விடும். கேட்டு எழுதி வாங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, லேசான குமட்டலோடு போய்விடலாம். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். விஷத்தை முறிக்கும் மருந்து உண்டு; 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். அதனால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மழைக்காலக் காய்ச்சலில் இன்னொரு தவறு நடக்கிறது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றையும் காய்ச்சலுக்கோ உடம்பு வலிக்கோ தொடாதீர்கள். ரத்தக்கசிவு அதிகமாகும். பாராசிட்டமால் மட்டும் போதும். இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

சாதாரண நாட்களிலும் ஐபுப்ரோஃபெனை வெறும் வயிற்றில் போடக்கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் போடவே கூடாது.

குழந்தைகளுக்கு வயதைவிட எடைதான் கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பாராசிட்டமால். ஒரே பெயர் சிரப்பில் 5 மில்லிக்கு 120, 250 என்று இரண்டு வீரியம் கிடைக்கும். சொட்டு மருந்தோ 1 மில்லியிலேயே 100 மி.கி. சொட்டு மருந்தை சிரப் மூடியில் அளந்து ஊற்றினால் பல மடங்கு போய்விடும். பாட்டிலோடு வந்த அளவுக்குழலை மட்டுமே பயன்படுத்துங்கள்.

மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி மாத்திரை போடுபவர்களுக்கு, அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும். அந்த நிலையில் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.