சிறுமூளையின் முன்மடிப்பு, பின்மடிப்பு பர்கின்ஜி செல்களை ஒரே ஸ்லைஸில் அளக்கும் முறை

சிறுமூளை முழுக்க செல் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். மின்பண்பு இடத்துக்கு இடம் மாறும். பர்கின்ஜி செல்கள் சிறுமூளைப் புறணியிலிருந்து செய்தியை வெளியே அனுப்பும் பெரிய நரம்பு செல்கள். உயிருள்ள எலியில் ஜீப்ரின் என்ற புரதம் இல்லாத பர்கின்ஜி செல்கள், ஜீப்ரின் உள்ளவற்றைவிட நொடிக்குக் கூடுதல் ஸ்பைக் (மின்துடிப்பு) தரும். முன்மடிப்புகளில் முதல் வகை அதிகம், பத்தாம் மடிப்பில் பெரும்பாலும் இரண்டாவது. இந்த வேறுபாடு உங்கள் பதிவில் நம்பும்படி தெரிய வேண்டுமானால், இரண்டு மடிப்பையும் ஒரே ஸ்லைஸில் (மூளையின் மெல்லிய வெட்டுத் துண்டு) மாறி மாறி எடுங்கள். இன்று முன்மடிப்பு, நாளை பின்மடிப்பு என்றால் மடிப்புகளை அல்ல, இரண்டு நாள்களைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

நெறிமுறைக் குழு அனுமதிக்குப் பிறகு, நடுக்கோட்டுப் பகுதியை முன்பின்னாக (சாஜிட்டல் தளத்தில்) 250 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டுங்கள். பத்து மடிப்பும் ஒரே ஸ்லைஸில் கிடைக்கும். பர்கின்ஜி கிளைகள் விரியும் தளமும் அதுவே என்பதால் அவை அறுபடுவது குறையும்.

ஸ்லைஸை உயிரோடு வைத்திருக்கும் கரைசல், மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 125, பொட்டாசியம் குளோரைடு 2.5, சோடியம் பைகார்பனேட் 25, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.25, குளுக்கோஸ் 25, மெக்னீசியம் குளோரைடு 1, கால்சியம் குளோரைடு 2. கால்சியம் கடைசியில்தான். 95% ஆக்சிஜன், 5% கார்பன் டைஆக்சைடு பத்து நிமிடம் குமிழியிட்ட பிறகு ஊற்றாவிட்டால் கலங்கி வீழ்படிவாகிவிடும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானதுதான், அதுவும் இதற்கு ஆகாது. போர் தண்ணீர் பேச்சே வேண்டாம். 18.2 மெகாஓம்-சென்டிமீட்டர் மின்தடை காட்டும், அயனி நீக்கிய தூய நீர் மட்டுமே.

வெட்டிய ஸ்லைஸை 34 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, பிறகு அறை வெப்பத்துக்கு மாற்றுங்கள். பதிவின்போது ஸ்லைஸ் இருக்கும் தொட்டி 33–34 டிகிரி. சென்சார் ஹீட்டர் பக்கத்தில் இருந்தால் அந்த எண் பொய். ஸ்லைஸை ஒட்டி வையுங்கள். ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும் கோவையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் தொட்டி குளிரும், ஸ்பைக் வேகம் இறங்கும். அதை மடிப்பின் குணம் என்று எழுதிவிடாதீர்கள்.

முதலில் பைப்பெட் (கரைசல் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாய் மின்முனை) செல்லைத் துளைக்காமல், அதன் மேல் ஒட்டிய நிலையிலேயே ஸ்பைக்கை எண்ணுங்கள். ஹோல்டிங் மின்னோட்டம் (வோல்டேஜை நிலைநிறுத்தக் கருவி செலுத்தும் மின்னோட்டம்) பூஜ்யமாக இருக்கும் வோல்டேஜைத் தேர்ந்தெடுங்கள். மின்னோட்டம் கசிந்தால் செல்லின் வேகத்தை நீங்களே மாற்றிவிடுவீர்கள். பிறகுதான் துளைப்பு. பைப்பெட் 3–5 மெகாஓம். சீரிஸ் ரெசிஸ்டன்ஸ் (பைப்பெட்டுக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையிலான மின்தடை) 20% மாறினால் அந்தச் செல்லைத் தள்ளிவிடுங்கள்.

பக்கத்தில் லேத் பட்டறையோ பம்ப் மோட்டாரோ ஓடினால், ஸ்டார்ட் ஆகும்போது லைனில் வரும் குத்து ஸ்பைக் போலவே தெரியும். எல்லா எர்த்தையும் ஒரே புள்ளியில் சேருங்கள். பிறகும் வந்தால் ஸ்பைக்கின் வடிவத்தைப் பார்த்து நீக்குங்கள்.

துகள் செல்லையும் (கிரானுல் செல், சிறுமூளையின் மிகச் சிறிய நரம்பு செல்) ஒப்பிடுவதானால் 7–10 மெகாஓம் பைப்பெட் வேண்டும். செல்லின் பரப்பைக் காட்டும் அதன் கெப்பாசிட்டன்ஸ் 3 பிகோஃபாரட் அளவுதான். பத்தாம் மடிப்பின் துகள் அடுக்கில் ஒற்றைத் தூரிகைச் செல்கள் (யுனிபோலார் பிரஷ் செல், துகள் செல்லைவிடப் பெரியவை) ஏராளம். கெப்பாசிட்டன்ஸ் பல மடங்கு கூடினால் பிடித்தது அதுவாக இருக்கலாம், கணக்கில் சேர்க்காதீர்கள்.