உப்புவெளிக் கரையில் பிளாஷ் வைத்து ஆளைப் படமெடுக்க

திருகோணமலையில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதால் உப்புவெளிக்கு விடியற்காலையே நல்லது. முதலில் பிளாஷை அணைத்துவிட்டு வானத்துக்கு மட்டும் அளவு பாருங்கள்: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/200 செக்கன், லென்ஸின் துவாரம் எஃப்/5.6. வானத்தின் நிறம் வெளிறினால் துவாரத்தைச் சுருக்குங்கள், அதாவது எஃப் எண்ணைக் கூட்டுங்கள். ஆள் கறுத்துத் தெரிவார், தெரியட்டும்.

பிறகு பிளாஷை ஸ்டாண்டில் பூட்டி, ஆளுக்கு 45 பாகை பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே, ஒன்றரை மீற்றரில், 1/4 வலுவில் வையுங்கள். முகம் வெளுத்தால் வலுவைக் குறையுங்கள்; ஷட்டரைத் தொட்டால் வானம்தான் மாறும். அதுவும் 1/250ஐத் தாண்டினால் பல கமராக்களில் ஷட்டர் திரை வெளிச்சத்தை மறைத்து, படத்தில் கறுப்புப் பட்டை விழும். பிளாஷின் முன் மெல்லிய ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒட்டினால் முகம் காலை வெயிலோடு பொருந்தும்.

பிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பும் குடை வேண்டவே வேண்டாம், கடற்காற்று ஸ்டாண்டோடு சாய்த்துவிடும். சின்ன சொப்ட்பொக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) போதும். பையில் மணல் நிரப்பி ஸ்டாண்டில் தொங்கவிடுங்கள், மணலுக்கா அங்கே பஞ்சம்?