மரக்கட்டை மாதிரி நின்ற உருவங்களைச் சரிசெய்த கதை

ஒரு வருஷம் முழுக்க நான் வரைந்த மனிதர்கள் எல்லாம் மரக்கட்டை மாதிரிதான் நின்றார்கள். மொத்த உயரம் தலையின் நீளத்தைப் போல ஏழரை மடங்கு என்று அளந்து, தசைகளைக்கூட ஒழுங்காகப் போட்டும் உயிர் வரவே இல்லை.

கோளாறு பிடிபட்டது ரயில் நிலையத்தில். நடைமேடையில் ஒருவர் ஒரு காலில் பாரம் போட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். அந்தக் கால் பக்கம் இடுப்பு மேலே ஏறி, அதே பக்கத் தோள் கீழே இறங்கி, கழுத்துக்குழி கிட்டத்தட்ட அந்தப் பாதத்துக்கு நேர் மேலே இருந்தது. நானோ இடுப்பையும் தோளையும் எப்போதும் மட்டமாகவே போட்டு வந்திருக்கிறேன்!

அன்றிலிருந்து ரப்பர் எடுத்துப் போவதில்லை. பேனாவில், ஆளுக்கு 30 விநாடி. தலையிலிருந்து பாரம் தாங்கும் பாதம் வரை ஒரே வீச்சு, அப்புறம் தோளுக்கும் இடுப்புக்கும் இரண்டு சாய்கோடு, அவ்வளவுதான். ஆள் நகர்ந்தால் அடுத்தவர்.

வீட்டில் காமிக்ஸ். ஒரு படக்கட்டத்தில் உள்ள உருவத்தை மட்டும் தனித்தாளில் எடுத்து முழுக்கக் கறுப்பாக நிரப்புவேன். வெறும் நிழலிலேயே அவன் ஓடுகிறானா தயங்குகிறானா என்று தெரிந்தால், ஓவியர் கைகளை உடம்பிலிருந்து எவ்வளவு விலக்கியிருக்கிறார் என்று பார்ப்பேன். இது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. போன வாரம் வரைந்த ஓர் உருவத்தையும் அப்படிக் கறுப்பாக்கினேன். பேருந்துக்காக எட்டிப் பார்க்கிறார் என்பது முகமே இல்லாமல் தெரிந்தது.