வெளிநாட்டுக் கால்பந்து வீரரின் ஆட்ட வாழ்க்கையை விழா மலருக்கு எழுதும் முறை

குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் தூத்தூர் வரையிலான கடற்கரை ஊர்களிலும், கேரள எல்லையைத் தாண்டியதும் வரும் பொழியூரிலும் கால்பந்துக்கு வாசகர் பஞ்சம் இல்லை. ஆனால் போட்டி மலர்களில் வெளிநாட்டு வீரரைப் பற்றி எழுதப்படும் கட்டுரை பெரும்பாலும் கோல்களின் கூட்டுத்தொகையில் தொடங்கி, கோப்பைகளின் பட்டியலில் முடிந்துவிடுகிறது. அவர் எந்த ஆண்டில் எங்கே ஆடினார், அப்போது அவருடைய நிலை என்ன என்பதை வாசகர் அறிய வழியே இருப்பதில்லை. ஆட்ட வாழ்க்கையை ஆண்டு வரிசையில் வைத்து எழுதினால் இந்தக் குறை நீங்கும். எப்படி என்பதைப் போர்ச்சுக்கல் வீரர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிறிஸ்டியானோ ரொனால்டோ வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்போர்ட்டிங், மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட், யுவென்டஸ், மறுபடியும் மான்செஸ்டர், பின்னர் அல் நஸர் என்று நம் ஊர்ச் சிறுவன்கூட மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்; அவனுக்குப் புதிதாகச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இராது. ஏற்றமும் இறக்கமும் கலந்த ஒருவரை எடுங்கள். ஹெல்டர் போஸ்டிகா அதற்குப் பொருத்தமானவர். 1982-இல் பிறந்த இவர், போர்ச்சுக்கலின் வடகரையில் விலா டோ கோண்டே நகரை ஒட்டிய காஷினாஸ் என்ற மீனவர் பகுதியைச் சேர்ந்தவர். சென்னையிலும் கொச்சியிலும் ஆடிய கொல்கத்தா அணியில் இருந்தவர் என்பதால் நம் வாசகர்களில் சிலருக்கு நேரிலேயே பழக்கமானவர். பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் தொடங்குகிறீர்களோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு தாளில் ஆண்டு வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பருவம் ஆகஸ்டு வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதத்தில் முடிவதால், 2003 என்று ஒற்றை ஆண்டை எழுதாமல் 2003-04 என்றே குறிக்க வேண்டும். ஜனவரியிலும் வீரர்கள் அணி மாறுவார்கள் என்பதால் ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு வரி விடுவது நல்லது. போஸ்டிகாவின் தாளில் போர்ட்டோ, 2003-இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம், 2004-இல் மறுபடியும் போர்ட்டோ, 2008-இல் ஸ்போர்ட்டிங், 2011-இல் ஸ்பெயினின் சரகோசா, 2013-இல் வலென்சியா, 2014-இல் டெபோர்டிவோ லா கொருன்யா என்று முதன்மை வரிசை அமையும். இதற்கு நடுவே லோன் முறையில் வேறு அணிக்குப் போன காலங்கள் உண்டு: 2006-இன் முற்பகுதியில் பிரான்சின் செயின்ட் எட்டியென், 2008-இன் முற்பகுதியில் கிரீஸின் பனாதினைகோஸ், 2014-இன் முற்பகுதியில் இத்தாலியின் லாசியோ. லோனில் போகும் வீரர் ஆடுவது ஓர் அணிக்கு, ஒப்பந்தம் இருப்பது இன்னோர் அணியுடன். எனவே அந்த வரிகளை வேறு நிற மையில், சற்று உள்தள்ளி எழுதுங்கள். இல்லாவிட்டால் அவர் ஆண்டுக்கொரு முறை விற்கப்பட்டவர்போலத் தோன்றும்.

நம் நாட்டுக் கணக்கு இதில் ஒத்துப்போகாது. ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் போட்டி அப்போது அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். அதனால்தான் போஸ்டிகா 2015-இன் இறுதியில் அட்லெடிகோ டி கொல்கத்தாவிலும், 2016-இன் முற்பகுதியில் தம் ஊரருகே உள்ள ரியோ ஆவே அணியிலும், அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் கொல்கத்தாவிலும் இருக்க முடிந்தது. ஐரோப்பியப் பருவக் கட்டத்துக்குள் இதைத் திணிக்காமல் மாதங்களைக் குறிப்பிட்டே எழுதிவிடுங்கள்.

கோல் கணக்கை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: கிளப்புக்காக லீக்கில் அடித்தவை, கிளப்புக்காகக் கோப்பைப் போட்டிகளில் அடித்தவை, நாட்டுக்காக அடித்தவை. இவற்றை ஒன்றாகக் கூட்டினால் பெரிய எண் கிடைக்கும், ஆனால் ஆளைப் பற்றி எதுவும் தெரியாது. போர்ச்சுக்கலுக்காக 71 ஆட்டங்களில் 27 கோல் என்பது போஸ்டிகாவின் கணக்கு. டாட்டன்ஹாமில் முழுப் பருவத்துக்கும் லீக்கில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் 2004 ஜனவரியில், லிவர்பூலுக்கு எதிராக. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைக்கும்போதுதான், கிளப்பில் தடுமாறியவர் நாட்டின் சட்டையில் எப்படி வேறாக இருந்தார் என்ற கேள்வி வாசகருக்கு எழும்.

கோப்பைகளில் இன்னும் கவனம் தேவை. மொரீன்யோவின் பயிற்சியில் 2002-03-இல் லீக், உள்நாட்டுக் கோப்பை, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூ.ஈ.எஃப்.ஏ. கோப்பை ஆகிய மூன்றையும் வென்ற போர்ட்டோ அணியில் போஸ்டிகா இருந்தார். ஆனால் 2004 மே மாதம் அதே போர்ட்டோ மொனாக்கோவை 3-0 என்று வீழ்த்தி, ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்றபோது அவர் லண்டனில், டாட்டன்ஹாம் அணியில் இருந்தார். போர்ட்டோவில் இருந்தவர், முன்பும் பின்பும் ஆடியவர் என்று பார்த்து அந்தக் கோப்பையையும் அவர் பெயரில் எழுதிவிடுவது எளிது. கோப்பையின் தேதியை ஆண்டு வரிசைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

இதற்குப் பின், ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்து விரிவாக எழுதுங்கள்; கட்டுரையின் கால்பங்கு இடத்தை அதற்கே கொடுக்கலாம். போஸ்டிகாவுக்கு அது ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான 2004 யூரோ போட்டியில், இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி. லிஸ்பனில் ஜூன் 24 அன்று நடந்த ஆட்டம், நமக்குத் தொடங்கியபோது நள்ளிரவு கடந்து 25-ஆம் தேதி ஆகிவிட்டிருந்தது; ஆட்டம் நடந்த ஊரின் தேதியையே எழுதுவது வழக்கம். மூன்றாவது நிமிடத்தில் மைக்கேல் ஓவன் இங்கிலாந்துக்காகக் கோல் அடித்தார். 75-ஆவது நிமிடத்தில் போர்ச்சுக்கல் அணித்தலைவர் ஃபிகோவை வெளியே எடுத்து, டாட்டன்ஹாமில் ஒற்றை லீக் கோலோடு பருவத்தை முடித்திருந்த போஸ்டிகாவை இறக்கினார்கள். 83-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி அவர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் போர்ச்சுக்கலின் ருய் கோஸ்டாவும் இங்கிலாந்தின் லாம்பார்டும் ஆளுக்கொரு கோல் போட, 2-2 என்ற நிலையில் பெனால்டிக்குப் போனது. முதல் ஐந்து உதைகள் முடிந்து சமனாக நின்றபோது, ஆறாவதை இங்கிலாந்து வீரர் ஆஷ்லி கோல் (Ashley Cole) உள்ளே அடித்துவிட்டார். அடுத்து வந்த போஸ்டிகா தவறவிட்டால் போர்ச்சுக்கல் வெளியே. அந்த நேரத்தில் அவர் பந்தை மெல்ல மேலே தூக்கி, விழுந்துவிட்ட கோல்கீப்பரின் மேலாக உள்ளே தட்டினார். பின்னர் கையுறையைக் கழற்றிவிட்டு இங்கிலாந்தின் வாஸலின் உதையைத் தடுத்த போர்ச்சுக்கல் கோல்கீப்பர் ரிக்கார்டோ, தாமே கடைசி உதையையும் அடித்து ஆட்டத்தை முடித்தார். இத்தனை விவரமும் இருந்தால், "துணிச்சல்" என்ற சொல்லை நீங்கள் எழுத வேண்டியதே இல்லை.

கோல் அடிப்பவரல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் முறை சற்று மாறும். அதே காஷினாஸைச் சேர்ந்த ஃபாபியோ கோயென்ட்ராவ், இடது ஓரத்தில் முன்னேறி ஆடுபவராகத் தொடங்கியவர். போர்ச்சுக்கலின் பென்ஃபிகா அணியில் பயிற்சியாளர் ஜோர்ஜே ஜெசுஸ் அவரை இடது பின்களத்துக்கு மாற்றிய பிறகுதான் 2011-இல் ரியல் மாட்ரிட் வாங்கியது. இவருக்குக் கோல் எண்ணிக்கையை எழுதிப் பயனில்லை. இடம் மாறிய ஆண்டைத்தான் கட்டுரையின் நடுவில் வைக்க வேண்டும். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் மீன்பிடிப் படகுத் தொழிலுக்குத் திரும்பியதை நம் கரையில் யாரும் படிக்காமல் விடமாட்டார்கள். ஆனால் அது கடைசிப் பத்திக்கு உரியது, தலைப்புக்கு அன்று.

நம் பக்கத்துத் தொடர்பைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். 2015 அக்டோபர் 3 அன்று சென்னையில் நடந்த ஐ.எஸ்.எல். தொடக்க ஆட்டத்தில் கொல்கத்தா 3-2 என்று 'சென்னையின் எஃப்.சி.' அணியை வென்றது, அதில் இரண்டு கோல் போஸ்டிகாவுடையவை. அன்றே காயம்பட்டு, அந்தப் பருவத்தின் மற்ற ஆட்டங்களை அவர் இழந்தார். மறு ஆண்டு டிசம்பர் 18-இல் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை எதிர்த்த இறுதியாட்டம் 1-1 ஆகி, பெனால்டியில் 4-3 என்று கொல்கத்தா வென்றது. அன்று கொல்கத்தாவின் கோலை அடித்தவரும் போர்ச்சுக்கல்காரர்தான், ஆனால் போஸ்டிகா அல்ல, பின்கள வீரர் ஹென்ரிக் செரெனோ. பெயரை மாற்றி அச்சிட்டுவிடாதீர்கள். கொச்சி மைதானத்துக்குப் போய் வந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. கையெழுத்துப் படியை அச்சகத்துக்கு அனுப்புமுன் அவர்களில் ஒருவரிடம் கொடுத்துத் தேதிகளையும் பெயர்களையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.