தங்குவிடுதி லேப்டாப்பில் சைபர் பாதுகாப்பு பழகுவது எப்படி

ஊரில் டிப்ளமா முடித்து, சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் இருப்பவர்கள் இந்தத் துறைக்கு வர நினைத்தால், ஹேக்கிங் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அனுபவம் இல்லாதவருக்குத் திறக்கும் வாசல் பெரும்பாலும் எஸ்ஓசி என்னும் கண்காணிப்பு மையம். அங்கே முதல்நிலை ஊழியரின் வேலை, ஷிப்ட் முழுவதும் வந்து விழும் எச்சரிக்கைகளில் எது உண்மையான தாக்குதல் என்று பிரித்துச் சொல்வது. அதற்கு லாக், அதாவது கணினி தன்னில் நடப்பதைத் தானே எழுதிவைக்கும் பதிவு, படிக்கத் தெரிய வேண்டும்.

சிம் லிம்மில் பழைய லேப்டாப் வாங்கினால், எஸ்எஸ்டி இருக்கிறதா, ரேமைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி ரேம் இருந்தால், ஒரு கணினிக்குள் பல கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸில், தாக்கப்படும் உபுண்டு சர்வருக்கு 2 ஜிபி, தாக்கும் கருவிகள் கொண்ட காலி (Kali) லினக்ஸுக்கு 2 ஜிபி என ஒதுக்கலாம். லாக்குகளைச் சேர்த்து எச்சரிக்கை தரும் வாசு (Wazuh) சர்வரை இப்போது தொடாதீர்கள். அது ஒன்றே 8 ஜிபி கேட்கும். லேப்டாப் உறைந்துபோய், நமக்கு வராது என்று பலர் கைவிடுவது இங்கேதான்.

முதலில் இணையம் கிடைக்கும் என்ஏடி இணைப்பில் வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட்டு, பிறகு இரண்டையும் லேப்டாப்புக்குள்ளேயே நிற்கும் ஹோஸ்ட் ஒன்லி இணைப்புக்கு மாற்றுங்கள். பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். அதில், கணினிகளைத் தேடும் உங்கள் ஸ்கேன் விடுதி வைஃபையில் உள்ள அறைத்தோழர் போன் வரை போகும். அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைந்தால், முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பர்மிட்டும் போய்விடும்.

இனி பயிற்சி. காலியிலிருந்து உபுண்டுவுக்கு, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக, 20 முறை தவறான கடவுச்சொல் கொடுங்கள். 21வது முறை சரியானதை. நுழைவு முயற்சிகளைப் பதியும் உபுண்டுவின் ஆத் லாக் கோப்பைத் திறந்தால் 'ஃபெயில்ட் பாஸ்வேர்ட்' வரிகள் வரிசையாக இருக்கும். அவற்றின் அடியில் ஒரே ஒரு 'அக்செப்டட்' வரி. உள்ளே நுழைந்துவிட்டார் என்று காட்டுவது அதுதான்; கவனிக்க வேண்டியது அந்த வரியைத்தான். நேரத்தில் எச்சரிக்கை: சர்வர் இயல்பாக உலகப் பொது நேரமான யுடிசியில் எழுதும். லாக்கில் 18:10 என்றால் சிங்கப்பூரில் மறுநாள் அதிகாலை 2:10, சென்னையில் இரவு 11:40. இதைத் தவறவிட்டால் அறிக்கை முழுவதும் பிழையாகிவிடும்.

விண்டோஸ் லாக்கில் தோல்வியடைந்த நுழைவின் நிகழ்வு எண் 4625, வெற்றிக்கு 4624. வேறு கணினியின் திரையைத் தொலைவிலிருந்து திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப் முயற்சி, நுழைவு வகை 10 என்று எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் திரை திறக்கும் முன்பே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் என்எல்ஏ இயங்கினால் தோல்விகள் வகை 3 ஆகப் பதிவாகும். நேர்காணலில் இதை விளக்கத் தெரிந்தவர் தனித்துத் தெரிவார்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள்: என்ன நடந்தது, எந்த வரி சான்று, அடுத்து என்ன செய்வது. பத்து சேர்ந்ததும், வேலைகொடுப்பவர் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போடுங்கள். செக்யூரிட்டி பிளஸ் என்னும் தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வு அதற்குப் பிறகு போதும்: 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி, தேர்ச்சிக்கு 750 மதிப்பெண்.

பாஸ் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி முதல் நிபுணர் வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200. வயது கூடினால் இதுவும் கூடும். தொடக்கநிலைச் சம்பளம் பெரும்பாலும் இதை எட்டாது. அரசாங்கத் திட்டங்களுக்கான விளம்பரங்கள் பலவற்றில் குடிமக்கள் மட்டும் என்றிருக்கும். அதனால் சென்னையிலோ கோவையிலோ இரண்டு ஆண்டு எஸ்ஓசியில் இருந்துவிட்டு விண்ணப்பிப்பதே நடக்கக்கூடிய வழி. பாஸுக்கு விண்ணப்பிப்பவர் முதலாளி. பாஸ் வாங்கித் தருகிறேன் என்று எவராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.